செருப்பை எண்ணும் ஹிட்லர்

1

தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல வலிக்கிறது. மூட்டை தூக்குகிறவன் கதை எழுத உட்கார்ந்தால் முதல் வரி அப்படித்தான் வரும். அந்த வலியில்தான் இந்தக் கதை பிறந்தது என்று எழுதினான், அடித்துவிட்டான். வலி எல்லாருக்கும் இருந்தது. வேலையாட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஹிட்லர் என்று எழுதியவன் அவன் ஒருவன்தான்.

2

தானியக் கிடங்கில் வண்டைக் கொல்ல, வாயுவாகக் கிளம்பும் விஷமாத்திரை வைத்துப் பூட்டும் நாளில், சூப்பர்வைசர் ஆட்களை வெயிலில் நிறுத்திப் பேர் பேராகக் கூப்பிடுவார். உள்ளே யாரும் சிக்கிவிடக் கூடாதே என்றுதான். வேலை முடிந்த உடம்புக்கு அது எங்கே புரியும்? அவன் அந்தக் குழுவில் தட்டினான்: "ஹிட்லரும் இப்படித்தான் வரிசையா நிக்க வச்சு எண்ணினான். அப்புறம் விஷவாயு."

சிரிப்புப் பொம்மைகள் வந்து கொட்டின. "செம அடி மாப்ள!" என்று போட்டான் மச்சான். (மனைவியின் அண்ணன். கூடவே மூட்டை தூக்குகிறவன்.)

சூப்பர்வைசரும் அதே குழுவில்தான் இருந்தார். அடுத்த முறை அவர் பேர் கூப்பிடவில்லை.

3

[அந்த ஆள் கொடுமைக்காரர்தான் என்று காட்ட ஒரு பத்தி. கூலியைப் பிடித்தார் என்று... பிடிக்கவில்லையே. ஒருமுறை கெட்ட வார்த்தையில்...]

4

கதைக்கு அவன் முதலில் எழுதிய முடிவு: மூட்டை அடுக்குக்குப் பின்னால் அசந்து தூங்கிய மச்சானை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். கதவைத் திறந்தால் பிணம்.

எழுதும்போதே கண் கலங்கியது. நன்றாக வருகிறதே என்று சந்தோஷமும் வந்தது. அங்கேதான் சுருக்கென்றது. எங்கோ குடும்பம் குடும்பமாகக் கொல்லப்பட்டவர்களை இழுத்து வந்து தன் வெயில் எரிச்சலுக்கு எடை கூட்டியவன், இப்போது கதைக்காகச் சொந்த மச்சானையும் கொல்கிறான். புத்தி மாறவில்லை.

5

நடந்தது இவ்வளவுதான். அந்த அடுத்த முறை, மாத்திரை வைக்கும் முன் சூப்பர்வைசர் வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளைக் குனிந்து பார்த்தார். எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்ட பிறகும் ஒரு ஜோடி மிச்சம். உள்ளே போய் மச்சானை உலுக்கி எழுப்பிக் கூட்டி வந்தார்.

"கனவுல இப்பதாண்ணே இலைய போட்டாங்க, கெடுத்துட்டீங்களே!" என்றான் மச்சான்.

"செருப்ப எதுக்குண்ணே எண்றீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"பேரு கூப்பிட்டா ஹிட்லர்ங்கிறீங்க. செருப்பு ஒண்ணும் சொல்லாதுல்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

6

அவன் அவர் காலில் விழுந்தான் என்று முடிக்கலாம், பொய். அவர் மன்னித்துவிட்டார் என்று நீங்கள் முடித்துக்கொள்ளலாம். அந்த உரிமை உங்களுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது.

('எனக்கும்' என்று கை தவறி வந்துவிட்டது. 'அவனுக்கும்' என்று மாற்றப் போவதில்லை.)

குழுவில் போட்ட அந்த ஹிட்லர் வரியை அழிக்கப் பார்த்தேன். என் போனில் மட்டும் போனது, மற்றவர்களிடம் இருக்கிறது. சிரித்தவர்கள் அத்தனை பேரும் பார்க்க, அதே குழுவில், "நான் எழுதினது தப்புண்ணே, மன்னிச்சிருங்க" என்று அவரிடம் கேட்க வேண்டியது இன்னும் பாக்கி. கதையை எழுதிவிட்டேன். அதை எழுதவில்லை.