ஆயுத பூஜைக்கு வைத்த பிளேடு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இது ஊருக்கே தெரியும். வேங்கிக்காலில் இறங்கி, சாணை பிடிக்கிற சகாதேவன் பட்டறை எது என்று கேட்டால், "நேரா போங்க, எங்க கத்துற சத்தம் கேக்குதோ அதான்" என்பார்கள். அதைக் கேட்டு நானே சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை.

இருபத்திரண்டு வருடமாகத் தீட்டுகிறேன். கறிக்கடைக் கத்தி, சலூன் கத்தரிக்கோல், அச்சகத்தில் பேப்பர் வெட்டும் நீளக் கத்தி, ரமணாசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு ரொட்டி அறுக்கும் பல் வைத்த கத்தி, எல்லாம் என்னிடம்தான் வரும். வேலைக்குக் குறைவே கிடையாது. இரும்பைப் பற்றி எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம் என்று ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிர் என் மகளின் காலில் போய் விழுந்தது. அதைத்தான் சொல்கிறேன்.

ஒரே மகள், மதிவதனி. பதினாலு வயது. ஸ்டேடியத்தில் சக்கரம் வைத்த ஷூவில் ஓடிக்கொண்டிருந்தவளை, பெங்களூரிலிருந்து வந்த ஐஸ் ஸ்கேட்டிங் கோச் அபிநயா மேடம் பார்த்துவிட்டு, "இவள ஐஸ்ல விட்டுப் பாக்கலாமா சார்?" என்று கேட்டார். பெங்களூரில் ஒரு மாலுக்குள் சின்னதாக ஐஸ் தளம் உண்டு. அன்றிலிருந்து மூன்று வருடமாக, ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, விடியற்காலை பஸ்ஸில் நானும் அவளும் பெங்களூர் போய்வந்தோம். வீட்டில் கையைக் காலைக் குறுக்கிக்கொண்டு உட்காருகிற பெண், ஐஸில் இறங்கினதும் இரண்டு கையையும் விரித்து, ஒற்றைக் காலில் சுழன்று, எம்பிக் குதித்து, பின்பக்கமாக வழுக்கிக்கொண்டே போவாள். இது என் வயிற்றில் பிறந்ததுதானா என்று என் மனைவி தனம் கேட்பாள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். வெளியில் காட்டிக்கொண்டதில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டின் முன்பக்கத்தில்தான் என் பட்டறை. மதி அதற்குள் வரமாட்டாள். எது கேட்பதானாலும் படிக்கு வெளியே நின்றுதான் கேட்பாள். "அப்பன் மேல அவ்ளோ மரியாதை என் பொண்ணுக்கு" என்று கத்தி கொண்டுவருகிறவர்களிடம் பெருமை அடித்துக்கொள்வேன்.

இந்த வருடம் அவளுக்கு ஒரு தேர்வு இருந்தது. பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களில் நான்கு பேரை எடுத்து வடக்கே பெரிய ஐஸ் தளத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். இந்த ஒரு தடவைதான். அவளுடைய ஐஸ் ஷூவின் அடியில் இருக்கும் பழைய இரும்புப் பிளேடு தேய்ந்துபோய், இனிமேல் தீட்ட இடமில்லை என்று மேடம் சொல்லிவிட்டார். புதுசு வாங்கியாக வேண்டும்.

மேடம் வீடியோ காலில் வந்து, மதியின் காலை ஒரு தாளில் வைத்துக் கோடு போடச் சொன்னார். நான் போட்டேன்.

"மேடம், ஒரு சைஸ் பெருசாவே சொல்லிடுங்க. வளர்ற புள்ள" என்றேன். பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து செருப்பு வரைக்கும் நாம் அப்படித்தானே வாங்குகிறோம்?

"வேணாம் சார். ஷூவோட அடிக்கு மேல பிளேடு நீளமா இருந்தா தடுக்கி விழுவா."

"அப்ப அந்த முன்பக்கம் பல்லு பெருசா இருக்கே, அந்த ஒசத்தி ரகம் வாங்கலாமே. என் பொண்ணுக்கு நான் கம்மியா வாங்குவேனா?"

"ஒசத்தின்னு இல்ல சார். அது மேல எம்பி ரெட்டைச் சுத்து சுத்துறவங்களுக்கு. இவ இப்ப குதிக்கிற குதிக்கு அந்தப் பல்லு ஜாஸ்தி. ஐஸ்ல மாட்டிக்கும்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "இன்னா மேடம், இரும்பு பத்தி எனக்கே பாடம் எடுக்கிறீங்க!" என்று கத்தினேன். மேடம் அசரவில்லை. கடைசியில் அவர் சொன்னதைத்தான் வாங்கினோம். நான் கத்தி முடிக்கிற வரைக்கும் மதி காலைத் தாளிலிருந்து எடுக்காமல், தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நின்றிருந்தாள்.

பிளேடு வந்து, பெங்களூரில் ஷூவின் அடியில் வைத்துத் திருகினார்கள். அவர்கள் ஆளே முதல் தீட்டும் தீட்டிக் கொடுத்தான். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். கத்தி மாதிரி ஒரே கூர் இல்லை. இந்த ஓரத்தில் ஒரு கூர், அந்த ஓரத்தில் ஒரு கூர், நடுவில் நீளத்துக்கும் மெல்லிய பள்ளம். காலை எந்தப் பக்கம் சாய்க்கிறார்களோ அந்தப் பக்கத்துக் கூர் ஐஸைக் கவ்விக்கொள்ளுமாம்.

"மத்த இடத்துல பூச்சு இருக்கு சார். தீட்டின அடியில மட்டும் வெறும் இரும்பு. ஈரம் தங்குனா துரு புடிச்சிடும். தொடச்சுத் துணி உறையில போட்டுத்தான் வெக்கணும். எங்க ஆளு தவிர வேற யாரும் தீட்டக் கூடாது" என்றார் மேடம். 'வேற யாரும்' என்கிறபோது என்னைப் பார்த்தார். சுருக்கென்றது.

மதி அந்தப் பிளேடைப் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்லி முடியாது. போடாத நாளிலும் சாயங்காலம் எடுத்து, என் பழைய வேட்டிக் கிழிசலால் நுனியிலிருந்து குதிகால் வரைக்கும் துடைப்பாள். திருகு தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாள். தனம் துண்டை வெட்டித் தைத்துக் கொடுத்த உறையில் போட்டு, பீரோவின் மேல்தட்டில் வைப்பாள். வெயில் நாளில்கூட, பை நனைந்திருக்கிறதா என்று கையை விட்டுப் பார்ப்பாள்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின புதன்கிழமை ஆயுத பூஜை.

எனக்கு வருடத்தில் பெரிய நாள் அதுதான். சாணை மெஷினைக் கழுவி, மோட்டாருக்குப் பொட்டு வைத்து, சுத்தியல், அரம், ஸ்பேனர் எல்லாவற்றையும் வாழை இலையில் அடுக்கினேன். திடீரென்று தோன்றியது. என் மகளுக்கு ஆயுதம் எது? உள்ளே போய் பீரோவிலிருந்து ஷூ இரண்டையும் எடுத்துவந்தேன்.

மதி படி வரைக்கும் ஓடிவந்தாள். "அப்பா, ஈரம் படக் கூடாதுப்பா."

"சாமிக்கு வெக்கிறதுக்கு வேணாம்னு சொல்லுவியா? வாய மூடு!"

மூடிக்கொண்டாள். நான் ஷூவைக் கவிழ்த்து வைத்து, பிளேடின் நீளத்துக்கும் சந்தனத்தைக் குழைத்துத் தடவி, குங்குமம் வைத்தேன். எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து, ஒவ்வொரு பிளேடின் மேலும் ஒரு பாதியாக அழுத்தி நிறுத்தினேன். கற்பூரம் காட்டினேன். பூசணிக்காய் உடைத்தேன். பொரி கடலை கொடுத்தேன். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது. அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம். அன்று சாயங்காலம் தூறல் பிடித்துக்கொண்டது. தகரக் கூரையிலிருந்து சொட்டு விழுந்ததா, நான் பார்க்கவில்லை.

விஜயதசமி காலையில் பூஜையை முடித்துக் குங்குமத்தைத் துடைத்தேன். துடைத்த பிறகும் சிவப்பு போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். அடக் கடவுளே! துரு. எலுமிச்சை அழுத்தின இடத்தில் கருப்புத் திட்டு. நடுப்பள்ளம் முழுக்கச் செம்மண் தூவினாற்போல இருந்தது.

அவசரமாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். மதி தனத்தோடு கோயிலுக்குப் போயிருந்தாள். மேடத்துக்குப் போன் செய்திருக்கலாம். ஆனால் 'வேற யாரும்' என்று பார்த்தாரே அந்தப் பார்வை, அது கண்ணில் வந்து நின்றது. என்ன பெரிய வேலை இது, நான் பார்க்காத துருவா என்று சாணையை ஓடவிட்டேன்.

முதலில் லேசாகத்தான் காட்டினேன். ஓரம் பளிச்சென்று ஆனது, பள்ளத்தில் துரு அப்படியே இருந்தது. பள்ளம் இருப்பதால்தானே ஈரம் தங்குகிறது என்று நினைத்தேன். இரண்டு கூர் இருந்தால் ஒன்றுகூட முழுசாக இருக்காது, அந்தப் பெங்களூர் ஆளுக்குத் தீட்டத் தெரியவில்லை என்றும் நினைத்தேன். இந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்து, அந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்து, பள்ளம் மறைகிற வரைக்கும் தீட்டினேன். முக்கால் மணி நேரம். நடுவில் ஒரே கூர். முழங்கை முடியில் வைத்து இழுத்தேன், வழித்துக்கொண்டு வந்தது. அப்படி ஒரு கூர் என் வாழ்நாளில் நான் வைத்ததில்லை. சந்தோஷமாக எண்ணெய் பூசி உறையில் போட்டேன்.

சாயங்காலம் மதி படியில் வந்து நின்றாள். கையில் ஒரு ஷூ. "அப்பா, பிளேட எதுனா பண்ணீங்களா?"

"தீட்டி வெச்சிருக்கேன். ஏன், எதுனா கொறையா?"

கேட்ட தொனி எனக்கே ஞாபகம் இருக்கிறது.

"இல்லப்பா. நல்லா இருக்கு" என்றாள். ஷூவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் ஐஸ் தளத்தின் தடுப்புக்கு வெளியே நின்றேன். உடம்பைச் சூடு பண்ணிக்கொள்ள எல்லாரையும் உள்ளே விட்டார்கள். மதி வலது காலை வைத்தாள், இடது காலை வைத்தாள். ஒரு தள்ளு தள்ளினாள். கணுக்கால் மடங்கிப் பக்கவாட்டில் விழுந்தாள். எழுந்தாள். அடுத்த காலில் நின்றாள், அதுவும் அந்தப் பக்கமாகச் சரிந்தது. கயிற்றின் மேல் நிற்கிறவள் மாதிரி கையை ஆட்டினாள். ஐஸில் என் மகள் கையை அப்படி ஆட்டி நான் பார்த்ததே இல்லை.

மேடம் ஓடிவந்து அவளை ஓரத்துக்கு இழுத்து, காலைத் தூக்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"யாரு இத பண்ணது? இது பிளேடு இல்ல, கத்தி! இத இனிமே சரி பண்ணவே முடியாது. யாரு தீட்டினது மதி?"

நான் ஒரு கை தூரத்தில் நிற்கிறேன். மதி என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஊர்ல ஒரு கடையில குடுத்தோம் மேடம்."

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. ஊரையே கூட்டுகிற வாய், அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. சே!

வாடகைக்குக் கொடுக்கிற, பிளேடு மொட்டையான ஷூவைப் போட்டுக்கொண்டு ஆடினாள். அவள் காலுக்குப் பெரிது. இரண்டு காலுறை போட்டும் ஆடியது. ஒரு குதி குதித்து முழங்காலில் விழுந்தாள், அடுத்த குதியைக் குதிக்கவே இல்லை. பாட்டு முடிகிற வரைக்கும் விடாமல் ஆடிவிட்டு, குனிந்து கும்பிட்டு வெளியே வந்தாள். நான்கு பேர் பெயரை வாசித்தார்கள்.

பஸ்ஸில் மதி ஷூப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். செங்கம் தாண்டினதும் தூரத்தில் எங்கள் ஊர் மலை தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்பா" என்றாள். வீட்டில் தனம் கேட்டபோது, ஐஸ் சரியில்லை என்றாள். தனம் அந்த ஐஸ் தளத்துக்காரனைத் திட்டித் தீர்த்தாள். நானும் சாப்பிட்டுக்கொண்டே தலையை ஆட்டினேன். அந்தச் சோறு எனக்கு எப்படி இறங்கியதோ தெரியவில்லை.

எட்டு நாள் தாங்கினேன். ஒன்பதாம் நாள் காலையில் மெஷினை நிறுத்திவிட்டு மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், அந்தப் பிளேட தீட்டினது நான்தான். பூஜைல வெச்சேன், துரு புடிச்சிது. என் பொண்ணு மேல தப்பு இல்ல" என்றேன்.

 "தெரியும் சார்" என்றார். "அன்னைக்கு ஷூ மாத்தும்போதே அழுதுகிட்டே சொன்னா. வியாழக்கிழமை சாயங்காலமே அவ பாத்துட்டா சார். இதுல நிக்கக்கூட முடியாதுன்னு அவளுக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தா?"

"அதத்தான் நானும் கேட்டேன். அன்னைக்கே ஒரு போன் பண்ணியிருந்தா என் ஸ்டூடண்ட் ஒருத்தியோட ஷூ செட்டு ரெடி பண்ணியிருப்பேன் சார். இவ சைஸ்தான். மூணு நாள் இருந்துதே. ஏண்டி சொல்லலன்னு கேட்டா…"

"சொல்லுங்க மேடம்."

"அப்பா கத்துவாருன்னு சொன்னா சார்."

போனை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஆக, சாணை கெடுத்தது பாதிதான். வேறு பிளேடு ஏற்பாடு செய்ய மூன்று நாள் இருந்திருக்கிறது. அந்த மூன்று நாளும் என் பிள்ளை வாயைத் திறக்காமல் துணிமணியை மடித்து வைத்து, என் பக்கத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து, விழுவோம் என்று தெரிந்தே வந்து விழுந்திருக்கிறாள். நடு ஐஸில் எல்லார் முன்னாலும் விழுவதைவிட, என்னிடம் வந்து சொல்வதுதான் அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. "அப்பா, அம்மா சாப்பிடக் கூப்புடறாங்க" என்று குரல் கேட்டது. நிமிர்ந்தேன். படிக்கு வெளியே, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், எந்த நேரமும் வீட்டுக்குள் ஓடிவிடத் தயாராக. பதினாலு வருடமாக நான் மரியாதை என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தது இதைத்தான்.

"உள்ள வாம்மா" என்றேன். என்னால் முடிந்த அளவுக்கு மெதுவாகத்தான் சொன்னேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள்.

"பரவால்லப்பா" என்றாள். "இங்கயே நிக்கிறேன்."