குருத்வாரா வாசலில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்

என் வீட்டுக்காரரை நாக்பூருக்கு மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்த அன்று நான் ஒரே ஒரு காரியம்தான் சொன்னேன். "நேரே போய் கோச்சர் சாபைப் பார்த்து, முடியாதுன்னு சொல்லிட்டு வாங்கோ." மாதுங்கா பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் என் வேலை நிரந்தரமாகியிருந்தது. எண்பத்திரண்டில் பம்பாயில் ஒரு டீச்சர் வேலைக்கு நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்! நாக்பூர் போனால் அதைத் தலைமுழுக வேண்டியதுதான். மாட்டவே மாட்டேன்.

கோச்சர், இவர் வேலை பார்க்கும் பம்பு கம்பெனியின் ஜெனரல் மேனேஜர். சர்தார்ஜி. ஆபீஸில் அவர் அறைக் கதவைத் தட்ட எங்காத்து மகாதேவனுக்குக் கை வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் சயான் கோலிவாடா குருத்வாராவில் அவரைப் பார்க்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிரிவினையின்போது ஓடிவந்த பஞ்சாபிகள் குடியேறிய இடம் அது. ஜனம் பெருகப் பெருக வீட்டின்மேல் வீடாகக் கட்டி, அப்போது குருத்வாராவுக்கும் மாடி எழும்பிக்கொண்டிருந்தது. "சுவாமி சன்னதியில பேசறது சுலபம்" என்று இவர் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

திரும்பி வந்தபோது நகமெல்லாம் கறுப்புப் பாலிஷ்.

"பேசினேளா?"

"எப்படிடீ பேசறது? வாசல்ல உக்காந்து வரவா போறவா செருப்பைத் தொடச்சிண்டிருக்கார், ஜெனரல் மேனேஜர்! என் ஷூவையும் கையை நீட்டி வாங்கிண்டார். எனக்கு உயிரே போயிடுத்து. பிடுங்கி நானே தொடச்சேன். உக்காந்தவன் உக்காந்தவன்தான்."

அது அவர்கள் வழக்கம். வருகிறவர்களின் செருப்பை வாங்கித் துடைத்து வைப்பது பெரிய சேவை. பணம், பதவி எல்லாம் வாசலுக்கு வெளியே. ஆபீஸ் பேச்சு மட்டும் அங்கே கூடாது என்பது கோச்சரின் கண்டிப்பு. இவர் "சார்" என்று ஆரம்பித்தாலே உதட்டில் விரலை வைத்துவிடுவாராம்.

சரி, அடுத்த தடவை வேறு வழி பார்ப்பார் என்று நினைத்தேன். மனுஷன் அடுத்த ஞாயிறும் போய்த் துடைத்தார். அதற்கடுத்த ஞாயிறும்!

விஷயம் ஆபீஸில் கசிந்தது. குவார்ட்டர்ஸுக்காகக் காத்திருந்த சுப்ரமணியன் வந்து சேர்ந்தார். நைட் ஷிஃப்ட்டை மாற்றச் சொல்லிக் கேட்க தாராவியிலிருந்து சலாவுதீன் வந்தார். பிறகு அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனே வந்து உட்கார்ந்துவிட்டது. துடைக்க ஆள் அதிகம், செருப்பு கம்மி. இடதுகால் செருப்பு ஒருத்தருக்கு, வலதுகால் இன்னொருத்தருக்கு என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். ரப்பர் செருப்புக்குக்கூடப் பாலிஷ். லங்கரில், அதாவது குருத்வாராவின் இலவசப் பந்தியில், சாப்பிட்டுவிட்டு வந்த டாக்ஸிக்காரர் ஒருவர், பளபளக்கும் தன் செருப்பை யாருடையதோ என்று நினைத்து வெறுங்காலோடு போய்விட்டாராம். மதராஸிகளின் பக்தியைக் கண்டு உருகிப்போன பஞ்சாபி மாமிகள் அவர்களுக்கு மட்டும் அல்வாவை இரட்டிப்பாக வைத்தார்கள்.

கேட்க வந்ததை ஒருத்தரும் கேட்கவில்லை.

"சுப்ரமணியன் இன்னிக்கு என் ஜோடியைப் பிடுங்கிண்டுட்டான்டி!" என்று ஒரு ஞாயிறு இவர் வந்து குமுறினார். நாக்பூருக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இவர் குமுறலைப் பாருங்கள்! எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

மறு ஞாயிறு புடவைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு நானே போனேன். வரிசையில் நின்று, என் செருப்பைக் கழற்றி இவர் முன்னால் நீட்டினேன். நிமிர்ந்து பார்க்காமலே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எத்தனை பணிவு! துணியை எடுத்துத் துடைக்கப் போனவர் என் கால் மெட்டியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோச்சரிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

"என் வீட்டுக்காரரை ஏன் நாக்பூருக்கு விரட்டுகிறீர்கள்?"

செக்‌ஷன் மொத்தமும் செருப்பும் கையுமாக உறைந்தது. கோச்சர் உதட்டில் விரலை வைத்தார்.

"விரலை எடுங்கள். நான் உங்கள் ஆபீஸில் வேலை பார்க்கவில்லை."

எடுத்துவிட்டார். "பஹன்ஜி, நான் விரட்டவில்லையே? போகச் சிரமமா என்று கூப்பிட்டுக் கேட்டேன். 'ரொம்ப சந்தோஷம் சார், எப்போ கிளம்பணும்' என்றார். நாக்பூர்க்காரப் பையன் ஒருவன் அங்கே போகத் தவம் கிடக்கிறான். இவருக்கு ஆசையென்று நினைத்து அவனை நிறுத்திவைத்தேன். வேண்டாமென்றால் நாளைக்கே அவனை அனுப்பிவிடுகிறேன்."

அவ்வளவுதான். முடிந்தது விஷயம்!

"சார், என் குவார்ட்டர்ஸ்..." என்று எழுந்தார் சுப்ரமணியன். கோச்சரின் விரல் மறுபடி உதட்டுக்குப் போய்விட்டது.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது கேட்டேன். "சந்தோஷம்னு சொன்னேளாமே?"

"பெரிய மனுஷா கேக்கறச்சே முடியாதுன்னு எப்படிடீ சொல்றது? நேக்கு வாய் வராது."

"கிரைண்டர் வாங்கலாமான்னேன், முடியாதுன்னேள். பி.எட். படிக்கட்டுமான்னேன், முடியாதுன்னேள். அப்பா போனப்புறம் அம்மாவைக் கொண்டு வெச்சுக்கலாமான்னு எத்தனை தடவை கேட்டேன்? அப்பெல்லாம் அந்த வாய் எங்கேர்ந்து வந்தது?"

நின்றுவிட்டார். பஸ் வந்து, நின்று, போய்விட்டது. இரண்டு பேரும் ஏறவில்லை.

"உங்கம்மாவை வரச்சொல்லி எழுதறேன்" என்றார் கடைசியில்.

"நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.