ஹாஸ்கின்ஸ் வராத ஆட்டம்

ஐந்து மணிக்கு எழுந்தேன். இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்தேன். ஸ்டவ்வைப் பற்றவைத்து அரிசி களைந்து போட்டேன். சவரம் செய்துகொண்டேன். சோறு குழைந்துவிட்டது. சாப்பிட்டேன்.

ஏழு மணிக்கு இருசப்பன் வந்தான். எங்கள் உப்பளத்துச் சடுகுடு அணியின் தலைவன். நான்தான் பயிற்சியாளன், ஓராண்டாக மைதானத்துப் பக்கம் போகவில்லை. மாலையில் கோட்டக்குப்பத்து அணியோடு ஆட்டம். நான் வராவிட்டால் அணியைக் கலைத்துவிடப் போவதாகச் சொன்னான். பிறகு அலமாரியைப் பார்த்தான்.

"அவரும் வர்றாருங்களா சார்?"

அவர் எல்மர் ஹாஸ்கின்ஸ். அமெரிக்கக் கல்லூரிகளில் கால்பந்துப் பயிற்சியாளர். அந்த ஊர்க் கால்பந்தில் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுவார்கள். நான் படித்த கல்லூரியின் நூலகம் வேண்டாமென்று கழித்த புத்தகங்களில் அவருடைய வாழ்க்கை வரலாறும் இருந்தது; எடுத்துவந்தேன். 1894இல் தொடங்கி இருபது ஆண்டுகளில் ஐந்து கல்லூரிகள். கடைசிக் கல்லூரியில் மாணவர்களே பாண்டு வாத்தியம் முழங்க அவரை ரயிலேற்றிவிட்டார்கள். மரியாதை என்று நினைத்து அவர் கையசைத்திருக்கிறார். கடைசிவரை அவர் விடாத கொள்கை ஒன்று: கைகோத்து நிற்கும் வரிசையில் பலசாலி நடுவில் நிற்க வேண்டும்.

நானும் இருசப்பனை நடுவில் நிறுத்தினேன். நான்கு ஆட்டம் தோற்றோம்.

என் மனைவி தெய்வநாயகி சிரித்தாள். கல்யாணத்துக்கு முன் உப்பளத்தில் பாத்தி மிதித்தவள். பாத்தியின் களிமண் தரை இறுக, ஏழெட்டுப் பேர் கைகோத்து மிதித்துக்கொண்டே போவார்கள். வரிசை திரும்பும்போது ஓரத்தில் இருப்பவர்தான் அதிகம் நடக்க வேண்டும், மற்றவர்களையும் இழுக்க வேண்டும். அதனால் பலசாலிகள் இரண்டு ஓரங்களிலும் நிற்பார்கள். பாடி வருகிறவனும் முதலில் ஓரத்தைத்தானே தொட வருகிறான் என்றாள். நான் புத்தகத்தைக் காட்டினேன்.

"அஞ்சு காலேஜ்ல தொரத்தி வுட்டவரு பேச்சத்தான் நாம கேக்கணுமா?"

போன வருடமும் இதே ஆட்டம். அவளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அன்று காலை குறைந்திருந்தது. தயங்கி நின்ற என்னை அவள்தான் அனுப்பினாள். புத்தகத்தோடு போனேன். தோற்றுத் திரும்பியபோது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. மறுநாள் எல்லாம் முடிந்தது.

இருசப்பன் வாசலிலேயே நின்றான். புத்தகத்தைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்து அலமாரியைப் பூட்டினேன். இன்றைக்கு அவனை ஓரத்தில் நிற்கச் சொன்னேன்.

"அக்கா அப்பவே சொன்னாங்க சார்," என்றான்.

மாலையில் மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் ஹாஸ்கின்ஸை பாண்டு வைத்து அனுப்பிவிடலாமா என்று இருசப்பன் கேட்டான்.

போன வருடம் நான் செருப்பை மாட்டும்போது, பாயில் படுத்தபடி அவள் சொன்னது:

"போய்ட்டு வாங்க. அந்த வெள்ளக்காரர மட்டும் வூட்லயே வுட்டுட்டுப் போங்க."