சாகாத தோல்

"நான் செத்தாலும் என் தோல் சாகாது," என்று டிரைவர் இடது கையை நீட்டித் துக்கம் கேட்க வந்தவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கூடத்தில் மனைவியின் உடல் இருந்தது. நாலு மணிக்கு வண்டி வரும். அழாமலிருக்க மனிதர் இருபத்திரண்டு வருஷத்துப் பெருமையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

பெருமை வேறொன்றுமில்லை. மனைவிக்கு ஆய்வகத்தில் செல் வளர்க்கும் வேலை. குரங்குச் சிறுநீரகத்தில் கண்டுபிடித்த ஒரு வைரஸ்தான் அங்கே செல்லப்பிள்ளை. "தம்மாத்தூண்டு டிஎன்ஏ. வெள்ளெலிக்குப் போட்டா கட்டி வரும். ஆனா மரபணு எப்படி வேலை செய்யுதுன்னு அதுகிட்டதான் பாதி படிச்சோம்," என்பாள். அதன் ஒரு மரபணுவை மனிதச் செல்லுக்குள் விட்டால், சில செல்கள் ஓயாமல் பெருகும். அதற்குத் தோல் தேவைப்பட்டபோது டிரைவர் மார்தட்டிக்கொண்டு போனார். கத்தியைக் கண்டதும் மயங்கி விழுந்தார். விழித்தபோது கையில் பிளாஸ்திரி. "முடிஞ்சுதுங்க," என்றாள் அவள். அந்தச் செல்கள் அன்றிலிருந்து ஆய்வகத்தில் சாகாமல் வளர்ந்துகொண்டிருந்தன.

"தழும்பே காணோமே அத்தான்," என்றான் மைத்துனன்.

"எனக்குச் சட்டுனு ஆறுற உடம்புடா." சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "ஆனா என் தோலை வெச்சு நான் என்னடா பண்ண? அவ தோலையில்ல எடுத்திருக்கணும். இனிமே அவளோடதுன்னு எனக்கு என்ன இருக்கு?"

மனைவியோடு ஆய்வகத்தில் வேலை பார்த்த பெண் எழுந்து அவரைச் சமையலறைக்கு அழைத்துப்போனாள்.

"மாமா, அது உங்க தோல் இல்ல. போன வாரம் ஆஸ்பத்திரியில அக்காவே ஒத்துக்கிட்டாங்க. நீங்க விழுந்ததும் மனசு வராம, தன் கையிலயே வெட்டி எடுத்து, தட்டுல உங்க பேரை எழுதிட்டாங்களாம். அந்தச் செல்லோட டிஎன்ஏவை அவங்க ரத்தத்தோட ஒப்பிட்டுப் பார்த்தேன். அக்காவேதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"பாவம், ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறார், கெடுக்காதேன்னாங்க."

டிரைவர் கூடத்துக்கு வந்து மனைவியின் சட்டைக் கையை மெல்ல மடக்கினார். கடுகளவு தழும்பு. கண்ணாடிக் குடுவை கிழித்தது என்று சொல்லியிருந்தாள்.

"அடிப்பாவி," என்றார். சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். மைத்துனன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

"அந்தச் செல்லுங்களுக்கு மறுபடி எப்பம்மா சாப்பாடு?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"நாளைக்குக் காலையில, மாமா."

மறுநாள் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். செல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

"தட்டு நிறைஞ்சிருச்சு மாமா. அந்த மரபணு உள்ள போனா அடங்காது."

"வீட்லயும் இப்படித்தாம்மா. கட்டில் முழுக்க இவதான், நான் ஓரத்துல தொங்குவேன். இன்னொரு தட்டு குடு, தாராளமா இருக்கட்டும்."

அவள் புதுத் தட்டை எடுத்து வைத்தாள். டிரைவர் பேனாவைத் திறந்து, தட்டின் மூடியில் மனைவியின் பெயரை எழுதினார். கொஞ்சம் பெரிய எழுத்தாகவே எழுதினார்.