கல்யாணத் தண்ணீர்

நீர்மாலைக்கு ஒரு குடம் குறைகிறது என்றார்கள். செல்லக்கிளி பக்கத்திலிருந்த பெரியண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

குளிப்பாட்டக் காத்துக் கிடந்தது அவளுடைய சின்னண்ணன் சங்கரலிங்கத்தின் உடல். தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து காலையில்தான் ஓர் உப்பு லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். கணுக்காலில் நரம்புச்சிலந்திப் புழு தலைகாட்டியபோது அவசரப்பட்டுப் பிடித்து இழுத்திருக்கிறான். பாதியில் அறுந்துவிட்டது. புண்ணில் சாணியை அப்பிக்கொண்டு வேலைக்குப் போனான். எட்டாம் நாள் வாய் பூட்டிக்கொண்டது. ரண ஜன்னி என்றார் டாக்டர். முப்பத்தாறு வயது.

அடுக்களையில் ஆளில்லை. மூலையில் இருந்த பித்தளைக் குடத்தைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை இரண்டாய் மடித்துக் கட்டியிருந்தது. விளிம்புவரை தண்ணீர். துணிக்கு மேலே தேங்கிய கொஞ்சத்தில் எள்ளைவிடச் சிறிய, வெளுத்த பொடிகள் வெட்டி வெட்டித் துள்ளின.

கொல்லைப்புறமிருந்து மதினி சந்தனமாரி உள்ளே வந்தாள்.

"இது என்ன மதினி, துள்ளுது?"

"தூசி." மதினி அவசரமாகத் துணியை அவிழ்த்தாள்.

"தூசி துள்ளுமா?"

சந்தனமாரி வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "போன வருசம் மாசியில சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தாரு. படிக்கிணத்துத் தண்ணியக் குப்பியில மோந்து, லென்ஸ் வச்சுக் காமிச்சாரு. எறால் சாதியாம் இது. ஓடுத ஆத்துல தங்காதாம், இப்படி அசையாமக் கெடக்க தண்ணியிலதான் பெருகுமாம். சிலந்திப் புண்ணோட எவனாவது படியில எறங்கிக் கால நனைச்சா, புழுக்குஞ்சு தண்ணியில எறங்குமாம். அத இது திங்கும். இத நாம குடிப்போம். ஒரு வருசம் போல கழிச்சு காலப் பொத்துக்கிட்டு வரும். படிய அடைச்சுட்டு வாளி போட்டு எறைங்க, அதுவரைக்கும் வடிகட்டிக் குடிங்க, தண்டோரா போடுங்கன்னு பிரசிடெண்டுங்கிற முறையில உங்க அண்ணன்ட்ட சொல்லிட்டுப் போனாரு."

"போட்டாரா?"

"வைகாசியில மவளுக்குக் கல்யாணம். தண்ணியில புழுன்னு தெரிஞ்சா மாப்பிள்ள வீட்டுக்காரங்க நம்ம பந்தல்ல கை நனைப்பாங்களா?"

"கல்யாணம் முடிஞ்ச பொறவு?"

"பொறவு சொன்னா, ஏன் முன்னமே சொல்லலன்னு கேப்பாங்கல்லா."

அந்தக் கல்யாணத்துக்கு மூன்று நாள் தண்ணீர் சுமந்தவன் சங்கரலிங்கம். ஒவ்வொரு நடைக்கும் படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டுத்தான் குடத்தைத் தூக்குவான். அண்ணன் மகள் கல்யாணம், கூலியாள் எதற்கு என்று சொல்லிச் சொல்லிச் சுமந்தான்.

"சின்னண்ணன்ட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே, மதினி."

"அவன் வாய்ல ஒண்ணும் நிக்காதுன்னு உங்க பெரியண்ணன் சொல்லிட்டாரு."

"நானும் கல்யாணத்துக்கு ஏரல்லேருந்து வந்து பத்து நாள் இங்கனதானே கெடந்தேன்?"

"உனக்கு நான் வடிகட்டின தண்ணிதானே குடுத்தேன்." பெரிய உபகாரம் செய்தவளைப் போல மதினி அவள் கையைப் பிடித்தாள்.

செல்லக்கிளி கையை உருவிக்கொண்டாள். குடத்தை எடுக்காமலே திரும்பினாள்.

பந்தலில் பெரியண்ணன் வீரபாகு மார்பில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "எம் வலது கை போச்சே! எந் தம்பி போயிட்டானே!" ஊரே அவரைத் தாங்கிப் பிடித்திருந்தது. தலைமாட்டில் சங்கரலிங்கத்தின் பெண்சாதி அருணாசலவடிவு சுருண்டு உட்கார்ந்திருந்தாள். புருசனோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவள், நேற்றிலிருந்து எதுவும் குடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் வாயருகே நீட்டினாள்.

செல்லக்கிளி செம்பைப் பிடுங்கினாள். முந்தானையை இரண்டாய் மடித்து ஒரு தம்ளரின் மேல் விரித்தாள். மெதுவாக ஊற்றினாள்.

"ஏளா, என்ன செய்யுத?"

"புழு இந்தத் தண்ணியிலதான் வருது. வடிகட்டிக் குடிச்சா வராது." செல்லக்கிளி தம்ளரை நீட்டினாள். "போன வருசம் மாசியிலேயே பெரியண்ணனுக்குத் தெரியும். கேளுங்க."

ஒப்பாரி அங்கங்கே அறுந்து நின்றது. தாங்கியிருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. அருணாசலவடிவு தம்ளரை வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை.

"நெசமா, அத்தான்?"

வீரபாகு துண்டால் முகத்தைத் துடைத்தார். எழுந்து பாடையருகே போனார். நான்கு மூலையிலும் இறுகக் கட்டி முடித்திருந்த கயிற்றில் ஒன்றை அவிழ்த்து, யாரையும் பார்க்காமல், மறுபடி கட்டத் தொடங்கினார்.