கரடியின் முதுகு

எங்கள் அருங்காட்சியகத்தில் காசு கொடுத்துப் பார்க்கத் தகுந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அது கரடி. மற்றதெல்லாம் உடைந்த பானை, துருப்பிடித்த வாள், மூக்கு போன அய்யனார், யாரென்றே தெரியாத மீசைக்காரர்களின் படங்கள். திருமயத்திலிருந்து மூன்று கிலோமீட்டரில், ஒரு செட்டியார் குடும்பம் குடியிருக்க ஆளில்லாத வீட்டின் முன்கட்டை டிரஸ்டுக்கு எழுதிவைத்து ஆரம்பித்த வட்டார வரலாற்று அருங்காட்சியகம். கோட்டை பார்க்க வந்து வெயில் தாங்காதவர்கள் எங்களிடம் ஒதுங்குவார்கள்.

நான் டிக்கெட் கொடுப்பவன். புதுக்கோட்டை கீழராஜ வீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. கடை போய்விட்டது, வாய் மட்டும் மிஞ்சியது. உள்ளே பொருள்களைத் துடைத்துப் பார்த்துக்கொள்கிறவன் நாகராசு. பத்து வருடமாக அதே துணி, அதே வாளி.

கரடி அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் எண்பது, தொண்ணூறு வருடத்துக்கு முன் சுட்டது. பின்னங்காலில் நின்று, வாயைத் திறந்து, டிக்கெட் எடுக்காமல் வந்தவனைப் பார்ப்பதுபோலவே எல்லோரையும் பார்க்கும். பூச்சி அரிக்காமலிருக்க, கிடங்கிலிருந்த ஒரு பழைய தகர டின்னிலிருந்து வெள்ளைப் பொடியை எடுத்து வருடத்துக்கு இரண்டு முறை நாகராசு அதன் மேல் தூவித் தேய்த்துவிடுவான். அவனுக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் செய்தார். டின்னில் எழுதியிருந்தது எப்போதோ அழிந்துபோயிருந்தது.

பயந்த பிள்ளைக்குக் கரடி முடி கட்டுவது நம் பக்கத்தில் புதிதல்ல. கைக்குழந்தையோடு வரும் பெண்கள் கரடியைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி நாகராசுவின் காதருகே பேசுவார்கள்.

"தூக்கத்துல தூக்கித் தூக்கிப் போடுதுங்க. ரெண்டு முடி குடுங்கண்ணே."

அவனும் முதுகுப் பக்கம், சுவரை ஒட்டி யாருக்கும் தெரியாத இடத்தில், நாலு முடி பிடுங்கிக் கொடுப்பான். டீக்கு ஐந்தோ பத்தோ கையில் வைப்பார்கள். இதைப் பார்த்துவிட்டு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஏண்டா, பத்து ரூவாய்க்குக் குடுத்தா ஆட்டு முடின்னு நெனைப்பாங்கடா. நூறு சொல்லு, அம்பதுக்கு எறங்கு."

"பாவம்ணே, பிள்ளைக்குக் கேக்குறாங்க."

"பிள்ளைக்குன்னாத்தான்டா குடுப்பாங்க. புருசனுக்குன்னா யாரு குடுப்பா?"

தாயத்துக் கூட்டில் அடைத்துக் கொடுக்கலாம் என்றாள் நாகராசுவின் மனைவி அழகி. நான்தான் வேண்டாம் என்றேன். கூட்டுக்குள் இருப்பது கரடியா கழுதையா என்று யாருக்குத் தெரியும்? கறுப்புக் கயிற்றோடு பின்னி, முடி குஞ்சம்போல வெளியே தொங்கட்டும். நாலு பேர் பார்த்து, எங்கே வாங்கினாய் என்று கேட்கட்டும். இந்த யோசனை அழகியுடையதல்ல, நாகராசுவுடையதல்ல, என்னுடையது. பார்வையாளர் நோட்டில் வாங்கியவர்களின் பெயரும் ஊரும் போன் நம்பரும் எழுதவைத்ததும் நான்தான். பிள்ளைக்குக் கேட்டதா என்று பிறகு விசாரித்தால், அந்தப் பேச்சே அடுத்த ஆளைக் கூட்டிவரும். கடையில் கற்ற பழக்கம்.

நாகராசுவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள் இலக்கியா. ஒன்றரை வயதில் கோயில் திருவிழா வேட்டுக்குப் பயந்தாள். ஊருக்கெல்லாம் முடி கொடுத்தவன் மகளுக்குக் குறைவாகவா கட்டுவான்? அழகி இருப்பதிலேயே அடர்த்தியான குஞ்சமாகப் பின்னிக் கையில் கட்டினாள். பல் முளைக்கிற வயது. அதை வாயில் வைத்துச் சப்பினால் அழுகை நின்றது.

"பாத்தீங்களாண்ணே, கேக்குது" என்றான்.

இரண்டு மாதத்தில் வாந்தி. பிறகு வயிற்றுப்போக்கு. நடக்கக் கற்றிருந்தவள் நிற்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள். ஒரு டாக்டர் ரத்தமில்லை என்றார், இன்னொருவர் பூச்சி என்றார். உள்ளங்கையில் மிளகு சிதறியதுபோலப் புள்ளிகள்.

"பயம் உள்ள எறங்கிருச்சுங்கண்ணே" என்று சொல்லி, நாகராசு மாதம் ஒரு தடவை குஞ்சத்தை மாற்றினான். பிள்ளை மெலிய மெலியக் குஞ்சம் தடித்தது. கரடியின் முதுகில் ஒரு முறம் அளவுக்கு வெறும் தோல் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் டிரஸ்டுக்கு ஏதோ நிதி வந்து, பழம்பொருள்களைச் சீர்செய்கிற ஷர்லி என்ற பெண் மதுரையிலிருந்து வந்தாள். கையுறை, முகமூடி, ஒரு பெட்டி நிறைய குப்பி. கரடியைச் சுற்றி வந்தவள் பின்பக்கம் நின்றாள்.

"இங்க முடியெல்லாம் எங்கங்க?"

"வயசாச்சேம்மா. எனக்கும்தான் இல்ல" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பஞ்சால் கரடியைத் துடைத்து, குப்பியில் போட்டு, மூடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகினாள். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் காகிதம் மஞ்சளாகி, மஞ்சள் காப்பிக்கொட்டை நிறமானது. இதன் மேல் எதைத் தூவுகிறீர்கள் என்று கேட்டு, டின்னைக் கொண்டுவரச் சொன்னாள். நாகராசு வெறுங்கையால் தூக்கி வந்தான்.

"கீழ வைங்க. மொதல்ல கீழ வைங்க. இது ஆர்சனிக். பாஷாணம். ஒங்க கையைக் காட்டுங்க."

அவன் நீட்டினான். ஒவ்வொரு நகத்திலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

"இது அந்த விஷத்தால வர்ற கோடுங்க. இன்னைக்கே டெஸ்ட் எடுக்கணும்."

நாகராசு தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "இதே கோடு சின்னப் பிள்ளைக்கு இருந்தா என்னங்க?"

"எந்தப் பிள்ளைக்கு?"

அவன் செருப்பைக்கூடப் போடாமல் ரோட்டைப் பார்த்து ஓடினான். ஷர்லி என் பக்கம் திரும்பினாள். கரடி முடி விற்றால் வனத்துறை கேஸ் போடும், வேலை போகும், போலீஸ் வரும் என்று லாப நஷ்டம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு முழு நிமிடம். பிறகு எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தேன்.

நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாகராசு அரிவாள்மனையில் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தான். அழகி அவன் முதுகில் அடித்துக்கொண்டிருந்தாள். "பிள்ளை சாகக் கெடக்கு, காவலா இருக்குறத அறுக்குறியேடா பாவி!" இலக்கியா அந்தக் குஞ்சத்துக்காகக் கையை நீட்டி நீட்டி அலறினாள்.

தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரியில் குஞ்சத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு டாக்டர் முன் வைத்து நானே பேசினேன். இலக்கியா இருபத்தாறு நாள் அங்கே கிடந்தாள். உயிர் பிழைத்தாள். பாதம் தரையில் படுவது அவளுக்குத் தெரிவதில்லை. தெரியும் நாள் வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். நாலு அடி வைப்பாள், பிறகு கயிறு அறுந்த மூட்டைபோல விழுவாள். அழுவதில்லை. அவளுக்கு அது பழகிவிட்டது.

டிரஸ்ட் செக்ரட்டரி ஆனந்தராஜ் எங்கள் இருவரையும் நிற்கவைத்துப் பேசினார். "கரடிய மூடிப் பூட்டியாச்சு. ஒங்க ரெண்டு பேருக்கும் நாளையிலேருந்து வேலை இல்ல. முடி விஷயம் வெளிய போனா உள்ள போறது நான் இல்ல, நீங்கதான். பார்த்துக்கங்க."

டாக்டர் சுகாதாரத் துறைக்கு எழுதினார். ஷர்லியும் எழுதினாள். அந்தக் கடிதங்கள் மேஜை மேஜையாக நடந்து முடிப்பதற்குள் முடி வாங்கியவர்களிடம் நாங்கள் வண்டியிலேயே போய்விடலாம் என்று கிளம்பினோம். பார்வையாளர் நோட்டைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கிவந்தேன். பதினைந்து வருடத்தில் அங்கிருந்து நான் எடுத்த ஒரே பொருள் அதுதான், முடியை விட்டுவிட்டால்.

போனில் சொன்னால் சிரித்தார்கள், அல்லது வைத்துவிட்டார்கள். நேரில் போனோம். சிலர் கழற்றிக் கொடுத்தார்கள். சிலர் திருப்பூருக்குப் பிழைக்கப் போயிருந்தார்கள். பத்தொன்பதாவது பெயர், மணமேல்குடி ஞானமணி. மீன் விற்பவள். பார்வையாளர் நோட்டில் 'கரடி அருமை' என்று எழுதியிருந்தாள். ஏலம் முடிந்து கூடையோடு உட்கார்ந்திருந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"விஷமா?" என்றாள். "அன்னைக்கு என்னா சொன்ன? இந்தக் கரடி முடி கட்டுன பிள்ளை இருட்டுல தனியாப் போவும்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். தப்பும்மா. அம்பது ரூவா குடுத்தீங்க, நூறாத் தாரேன். கழட்டிக் குடுங்க."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். நான் தப்பு செய்துவிட்டேன் என்று அந்தக் கத்தி கீழே போன விதத்திலேயே தெரிந்தது.

"இருவது வருசமா யாவாரம் பண்றேன். வித்த சரக்கைத் தேடி வந்து கூடக் காசு குடுக்குற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன். என்ன, நல்ல வெலைக்குக் கேக்குறாங்களோ?"

"ஐநூறு."

"அப்ப ஆயிரத்துக்கு மேல போவும்."

"ரெண்டாயிரம். என்கிட்ட இருக்குறது அவ்வளவுதான்."

"அம்மாடி! இனி நீ அஞ்சாயிரம் குடுத்தாலும் தர மாட்டேன். எம்புள்ள அதைக் கட்டுனதுலேருந்துதான் தூங்குறான். போ, போ, அங்கிட்டுப் போ."

என் வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக எந்தப் பொருளையும் நான் விற்றதில்லை. திரும்ப வாங்க முடியவில்லை.

பின்னால் நின்ற நாகராசு குனிந்து தன் செல்போனை அவள் முன் நீட்டினான். இலக்கியா நாலு அடி வைத்து விழுகிற வீடியோ. விழுகிறாள், எழுகிறாள், விழுகிறாள். ஞானமணி பார்த்தாள். பிறகு அவன் கையையும், நகத்தையும் காட்டினான்.

"உங்க பிள்ளையக் கூப்பிடுங்கக்கா. நகத்தை மட்டும் பாத்துட்டுப் போயிடுறோம்."

"டேய், இங்க வா" என்றாள். மூன்று வயதிருக்கும், வலைக் குவியலுக்குப் பின்னாலிருந்து வந்தான். மணிக்கட்டு வாயில் இருந்தது. அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்து, மீன் செதில் ஒட்டிய தன் கட்டைவிரலால் எச்சிலைத் துடைத்து, ஒவ்வொரு நகமாகத் திருப்பிப் பார்த்தாள். பெருவிரலுக்கு வந்ததும் நின்றாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

நான் நீட்டிய இரண்டாயிரம் என் கையிலேயே இருந்தது.

அவள் மீன் கத்தியால் கயிற்றை அறுத்தாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். கூடையில் மீன் இருந்ததை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எத்தனை பேருக்குடா வித்த?"

எந்த எண்ணைக் கேட்டாலும் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ சொல்லிப் பழகிய வாய் இது.

"எழுவத்தி மூணு" என்றேன், நோட்டில் இருந்தபடியே.