ஏழு மணி நாடகத்துக் கதவு

டிவியில் வரும் அந்த ஏழு மணி நாடகத்தைத் திட்டாத ஆள் கிடையாது. கடையில், பஸ்ஸில், முடிவெட்டும் இடத்தில், எங்கே போனாலும் அதே பேச்சுதான். பூட்டிய அறைக்குள் ஒரு பெரியவர் செத்துக் கிடக்கிறார்; கொன்றவன் யாரென்று ஒன்பது மாதமாகச் சொல்லித் தொலைக்க மாட்டேன் என்கிறார்கள். நடுவில் மூன்று வாரம் ஒரு கல்யாணம். அப்புறம் ஒருத்திக்கு ஞாபகம் போயிற்று, அது திரும்பி வர இன்னும் இரண்டு வாரம். எழுதுகிறவன் கையில் கிடைத்தால் நாலு சாத்து சாத்துவேன் என்று சொல்லாதவர்கள் குறைவு.

ஒரே ஒருத்தி மட்டும் தினமும் 'தொடரும்' என்று எழுத்து விழுந்ததும் அப்பாடா என்று மூச்சு விடுவாள். அவள் பூட்டுக்காரர் மனைவி. இழுடா மகராசா, இன்னும் நல்லா இழு என்று முகம் தெரியாத அந்த எழுத்தாளனை மனசுக்குள் வாழ்த்துவாள். அவளுக்கு அது விளையாட்டில்லை.

பூட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஆஸ்பத்திரி வண்டி வாசலுக்கு வரும். கையில் தடித்த ஊசி இரண்டைக் குத்தி, நாலு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ளே விடுவார்கள். வீட்டுக்கு வந்தால் பிழிந்து போட்ட துணி மாதிரிக் கிடப்பார். மறுநாள் சாயங்காலம்தான் கொஞ்சம் மனுஷராவார். அதற்குள் அடுத்த முறை வந்து நிற்கும். இதயமும் பலவீனம், வேறு சிறுநீரகம் பொருத்தவும் வழியில்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். தொடர்வதும் நிறுத்துவதும் உங்கள் விருப்பம், நிறுத்தினால் வலியில்லாமல் பார்த்துக்கொள்வோம், ஆனால் ஒன்றிரண்டு வாரம்தான் என்றும் சொன்னார்.

அதைக் கேட்டுவிட்டு வந்த வாரம்தான் நாடகம் ஆரம்பித்தது. மூன்றாம் நாள் அவர் சொன்னார்:

"இவளே, இந்தப் பெரியவரை யாரு கொன்னான்னு தெரியற வரைக்கும் வண்டி ஏறுறேன். தெரிஞ்சதும் நிறுத்திடலாம்."

அவள் சிரித்துப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. கடையில் அவர் பூட்டைப் பிரிக்க, பக்கத்தில் உட்கார்ந்து சாவிக்கு அரம் போட்டு முப்பத்தாறு வருஷம் கழித்தவள் அவள். அவர் எப்போது வேடிக்கையாகப் பேசுகிறார், எப்போது நிஜமாகப் பேசுகிறார் என்று அவளுக்குத் தெரியாதா?

அவரை அந்த நாடகம் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு சாவி. போலீஸ் கதவை உடைத்து உள்ளே போனபோது சாவி உள்பக்கத் துவாரத்திலேயே இருந்தது. அதை ஒருத்தர் உருவி மேஜைமேல் வைத்தார். கேமரா கிட்டே போய் அதைக் காட்டியது, மூன்றே வினாடி. பூட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"பாத்தியா? நுனியில ரெண்டு பக்கமும் பல்லு கடிச்ச மாதிரி கீறல்! உள்ள இருக்கிற சாவியோட நுனி வெளிப்பக்கம் லேசா எட்டிப் பாக்கும். கூர்மூக்குக் குறடு போட்டுப் பிடிச்சு வெளியிலேருந்தே திருப்பியிருக்கான்! எழுதினவன் விஷயம் தெரிஞ்சவன்டி!"

அடுத்த நாளே, செத்தவருடைய மைத்துனன் சின்னக் குறடு வைத்துக் கடிகாரம் ரிப்பேர் பண்ணுவதைக் காட்டினார்கள். அவ்வளவுதான், பூட்டுக்காரர் தீர்ப்பே எழுதிவிட்டார். நானூறு வீட்டுக் கதவைத் திறந்த தனக்கு மட்டும் தெரியும்படி எழுத்தாளன் ஒரு கண் சிமிட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்று அவருக்கு அப்படி ஒரு பெருமை.

அந்த மைத்துனனைப் பிறகு காணவே காணோம். நடித்தவன் வேறு நாடகத்துக்குப் போய்விட்டான். 'மாமா வெளிநாடு போயிட்டார்' என்று ஒரு வசனத்தில் முடித்துவிட்டார்கள்.

"மறைச்சு வச்சிருக்கான். கடைசியில கொண்டு வருவான் பாரு," என்றார் இவர்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் ஒரு பழைய பஸ் டிரைவர். "என்னய்யா உம்ம எழுத்தாளன், ரிவர்ஸ்லயே வண்டி ஓட்டுறான்?" என்று கிண்டல் பண்ணுவார். ஊசி குத்தும் நர்ஸ் பெண்ணும் சேர்ந்துகொள்வாள். "அப்பா, எனக்கு மட்டும் காதுல சொல்லுங்க, கதவை எப்படிப் பூட்டினான்?" என்று ஒவ்வொரு முறையும் கெஞ்சுவாள். "பொறு, அவனே சொல்லட்டும். இன்னொருத்தன் கதையை நான் சொன்னா நல்லாயிருக்காது," என்று சொல்லிவிடுவார். கட்டில் ஓரம் உட்கார்ந்திருக்கும் மனைவி வாயே திறக்க மாட்டாள். ரிவர்ஸோ எதுவோ, ஓடினால் சரி.

போன திங்கட்கிழமை, இந்த வெள்ளியோடு முடிகிறது என்று விளம்பரம் வந்தது. அவள் சட்டென்று சத்தத்தைக் குறைத்தாள். அதில் ஒன்றும் பிரயோஜனமில்லை. செவ்வாய்க்கிழமை டிரைவர் கட்டிலிலிருந்தே கூவிவிட்டார். பாவி மனுஷன், சந்தோஷச் செய்தி என்று நினைத்துக் கூவினார்.

வெள்ளிக்கிழமை அவர் சட்டை மாற்றிக்கொண்டு ஆறே முக்காலுக்கே வந்து உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கரண்டாவது போகக் கூடாதா என்று நினைத்தாள்.

கொன்றவன் தோட்டக்காரனாம்! ஒன்பது மாதத்தில் இரண்டே தடவை பூச்சட்டி தூக்கிக்கொண்டு குறுக்கே போனவன். பெரியவர் ஒரு நாள் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டாராம், ஆத்திரத்தில் அடித்துவிட்டானாம். சரி, கதவு? "கதவைச் சாத்திட்டு ஓடிட்டேன் சார்," என்று அவன் அழுதான். சாத்தினானாம்! போலீஸ் அதிகாரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, சட்டம் தன் கடமையைச் செய்யும் என்றார். குடும்பமே வரிசையாக நின்று சிரித்தது. முடிந்தது.

அவர் கத்துவார், ரிமோட்டைத் தூக்கி எறிவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் டிவியை மெதுவாக அணைத்தார்.

"அப்போ அந்தக் கீறல்?" என்று அவளே கேட்டாள்.

"ஏதோ பழைய சாவி. ஷூட்டிங்குக்கு எங்கேயோ குப்பையில பொறுக்கியிருப்பானுங்க. நான்தான் மெனக்கெட்டு அதுல அர்த்தம் தேடினேன்." முகம் தொங்கிப் போயிருந்தது. அவமானப்பட்ட பிள்ளை மாதிரி இருந்தார். "நாளைக்கு வண்டி வேண்டாம்னு சொல்லிடு."

அவளுக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"எவனோ ஒரு கூறுகெட்டவன் எழுதின கதைக்காக ஒன்பது மாசம் கையை நீட்டினீங்க. எனக்காக இன்னும் ஒரு மாசம் நீட்டக் கூடாதா? அந்தத் தோட்டக்காரன் பெறுமானம்கூட நான் பெற மாட்டேனா?"

அவர் ரிமோட்டை மேஜைமேல் வைத்தார்.

"உனக்காகத்தான் வண்டி ஏறுறேன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா, முடியாம நிறுத்துற நாள்ல நீ என்ன நினைப்பே? நான் இருந்தும் அவருக்குப் போதலையேன்னு காலம் பூரா அழுவே. அந்தப் பழி உன் தலையில விழ வேண்டாம், நாடகத்து மேல போகட்டும்னு பாத்தேன். நல்லா முடிச்சிருந்தான்னா உனக்கும் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும். பாழாப்போனவன், அதையும் கெடுத்துட்டான்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் வாழ்த்திய வாயால் அந்த எழுத்தாளனைத் திட்டலாம் என்றால் மனசு வரவில்லை. கோபம் அவன் மேலும் இல்லை, இவர் மேலும் இல்லை. எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை.

போன் அடித்தது. வண்டிக்காக முந்தின நாள் ராத்திரி நர்ஸ் பெண் எப்போதும் கூப்பிடுவாள். அவருக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அவரே எடுத்தார்.

"அப்பா, பாத்தீங்களா அந்தக் கருமத்தை? இங்க எல்லாரும் கொதிச்சுப் போய் உக்காந்திருக்கோம். இப்பவாச்சும் சொல்லுங்க, கதவை எப்படிப் பூட்டினான்?"

பூட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்றேன், கேளு."

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தொண்டை திறந்து பேசுகிறாரே என்று. விருந்தாளிகள் நடுவில் பெரியவர் மைத்துனனைக் கடிகாரம் கெடுக்கிறவன் என்று சொல்லிச் சிரித்தாராம். அன்றைக்கு அவன் பதில் பேசாமல் குறடைத் துடைத்துப் பைக்குள் வைத்தானாம். போலீஸ் பூட்டிய கதவை உடைத்தபோது கூடவே முதல் ஆளாகத் தோளைக் கொடுத்தவனும் அவன்தானாம், சாவியை வேறு யாரும் உற்றுப் பார்த்துவிடக் கூடாதே என்று. அவர் இடதுகையைத் துவாரமாக வளைத்து வலதுகை விரலால் சாவியைத் திருப்பிக் காட்டினார். போனில் யாருக்கும் தெரியாதென்பது நினைவில்லை.

பாதியில்தான் அவளுக்கு உறைத்தது. இவர் மிச்சம் வைக்காமல் சொல்கிறார். ஐயோ, சொல்லாதீங்க, மீதியைச் செவ்வாய்க்கிழமை சொல்லுங்க என்று வாய் வரை வந்தது. அவர் ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார்.

அந்தப் பக்கம் நர்ஸ் பெண் மூச்சு விட்டது கேட்டது. "அப்பா... இதுதான் கதை!"

"நல்லா இரும்மா. பக்கத்துக் கட்டில் டிரைவருக்கும் இந்தக் கதையைச் சொல்லிடு. நாளைக்கு எனக்கு வண்டி வேண்டாம். இனிமே வேண்டாம்."

"அம்மாகிட்ட குடுங்கப்பா," என்றாள் நர்ஸ் பெண்.

அவர் போனை நீட்டினார். அவள் வாங்கினாள்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. அனுப்பவா, வேண்டாமா?"

அனுப்பு என்று சொன்னால் போதும். நாலு பேர் எதிரில் அவள் பேச்சை அவர் தட்டியதே கிடையாது. காலையில் எழுந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, பேசாமல் வண்டியில் ஏறிவிடுவார். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஊசி குத்திக் குத்திக் கயிறு மாதிரித் தடித்துப்போன தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் சொன்னதுதாம்மா," என்றாள். "டாக்டர்கிட்ட சொல்லி வலிக்கு மருந்து எழுதி வைக்கச் சொல்லு. காலையில நான் வந்து வாங்கிக்கறேன்."